கல்லில் முழந்தாளிட்ட பிள்ளைகள்

தம்பிக்குத் தேவாலயப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும் என்பதற்காக ஒரு வருடம் முழுக்க நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்களாக இருந்தோம். நாங்கள் குடியேறிய வால்தம்ஸ்டோவில் எங்களுக்குத் தெரிந்த சைவக் குடும்பங்கள் சிலவும் அப்படித்தான். வாசலில் அப்பா தன் திருநீற்றைத் துடைத்துவிட்டு அம்மாவின் பொட்டைப் பார்ப்பார். அம்மாவும் துடைப்பார். ஊரில் போரை நிறுத்திச் சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது.

பின்வரிசைதான் எங்களுக்கு. பக்கத்தில் கம்பி போட்ட ஒரு சிற்றறை, அந்தக் காலத்துப் பிரபு குடும்பம் ஒன்றின் கல்லறை. பிரபுவும் மனைவியும் பளிங்கில் படுத்திருக்க, கீழே அவர்களுடைய பிள்ளைகள் வரிசையாக முழந்தாளிட்டிருந்தார்கள். ஆராதனை முழுக்க அம்மா அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆங்கிலம் விளங்காதவர் வேறெங்கே பார்ப்பார் என்று நினைத்தேன்.

எனக்கு முன் ஓர் அண்ணன் இருந்ததும், இடப்பெயர்வில் காய்ச்சல் கண்டு மருந்தில்லாமல் போனதும், அவனை ரோட்டோரம் புதைத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் நடந்ததும் வெகுகாலம் கழித்துச் சித்தி வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

ஒருநாள் ஆராதனை முடிந்து பாதிரியார் எங்களிடம் வந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர் என்பதால் அப்பா வளைந்தே நின்றார். அம்மா அந்தக் கல் பிள்ளைகளைக் காட்டி என் காதில், "அந்தச் சின்னன் ஏன் மண்டையோட்டை வைச்சிருக்கு எண்டு கேள்" என்றார். கேட்டேன். தாய் தகப்பனுக்கு முன்னமே இறந்த பிள்ளை என்பதற்கு அது அடையாளமாம். அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"செத்த பிள்ளையையும் சேர்த்தோ வைச்சிருக்கினம்?"

"ஓம் அம்மா."

பாதிரியார், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அம்மாவிடமே கேட்டார். அம்மா விரல்களைக் காட்டி ஆங்கிலத்திலேயே, "த்ரீ" என்றார்.

அப்பா சிரித்தார். "டூ, ஃபாதர். டூ ஒன்லி. ஹெர் இங்கிலிஷ் நோ குட்."

பாதிரியாரும் சிரித்தார். அம்மா விரல்களை மடக்கிக்கொண்டார்.

தம்பிக்கு இடம் கிடைத்தது. அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட நாங்கள் அங்கே போகவில்லை. பிரபுவின் பிள்ளைக்கு இத்தனை நூற்றாண்டாகக் கல் இருக்கிறது, அண்ணனுக்கு எங்கள் வீட்டில் ஒரு சொல்கூட இருக்கவில்லை. அப்பாவை இதற்காக நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு வேறு கவலை. அம்மாவுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பின்னேரம் தம்பியைப் பக்கத்தில் இருத்தி, என்னைத் தொட்டு "ஒன்", அவனைத் தொட்டு "டூ" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் தொட்டு, "ஒன், டூ" என்றார்.

சரியாகச் சொல்லிவிட்டார் என்று நான் கைதட்டினேன்.