இட்லிக்குப் போட்ட சால்வேஜ்

செப்டம்பர் பதினான்கு, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். விடிந்ததிலிருந்து நசநசவென்று தூறல், துளிக் காற்றில்லை. கல்கத்தாவின் ஜாதவ்பூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில் இருநூற்று நாற்பது நாற்காலிகள் போட்டாயிற்று. ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். மற்றவை காலி.

இழப்பை மதிப்பிடுவது எங்கள் தொழில்; சர்வேயர் என்பார்கள். தீயோ வெள்ளமோ கலவரமோ, காப்பீட்டு நிறுவனத்துக்காகப் போய்ப் பார்த்து, சேதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுப்போம். அன்று எங்கள் சங்கத்தின் அகில இந்திய மாநாடு. ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறான் என்று பொருளாளர் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஊர் இரண்டு வாரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. தினமும் ஊர்வலம், மறியல். வெள்ளிக்கிழமை மாலை, மறுநாள் பந்த் என்று அறிவித்தார்கள். உடனே எங்கள் தலைவரைப் போனில் பிடித்தேன். அவர் வங்காளி, என்னைவிட இருபது வயது இளையவர்; அண்ணன் என்ற பொருளில் என்னை தாதா என்பார். மாநாட்டைத் தள்ளிவைப்போம், முடியாவிட்டால் சமையலையாவது பாதியாகக் குறைப்போம் என்றேன்.

"ஆரே தாதா, கல்கத்தா பார்க்காத பந்தா? எல்லாரும் வந்துடுவாங்க. முழுசா சமைக்கச் சொல்லுங்க."

சொன்னேன். சமையல்காரர் லேக் மார்க்கெட்டில் இருக்கும் தஞ்சாவூர்க்காரர். இந்த ஊர்த் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் பாதி அவர் கைச் சமையல்தான். இருநூற்று நாற்பது இலை, இலைக்கு முந்நூற்றுப் பத்து ரூபாய், காலையும் மதியமும் சேர்த்து. முன்பணம் இருபதாயிரம் போக, மளிகையை எல்லாம் கடனில் எடுத்திருந்தார்.

வந்தவர்கள் முப்பத்தேழு பேர். எதிர் விடுதியில் தங்கியிருந்தவர்கள். மற்றவர்கள் ஹோட்டல் ஜன்னலிலிருந்து மறியலைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் வீட்டை விட்டே கிளம்பவில்லை. பதினோரு மணிக்குப் போனில் மாநாட்டை ஒத்திவைத்தார். கூடவே, மீந்த சாப்பாட்டை மதிப்பிட மூன்று பேரை நியமித்தார்!

மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தவர்கள். கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய் அண்டாக்களைப் படம் எடுத்தார்கள். ஒருவர் கரண்டியை விட்டு சாம்பாரின் ஆழம் பார்த்தார். சேதத்தில் மிஞ்சியதை விற்றால் என்ன தேறும் என்று பார்த்து இழப்பீட்டில் கழிப்போம்; அதற்கு சால்வேஜ் என்று பெயர். இட்லிக்கு சால்வேஜ் போட்டவர்களை என் நாற்பத்தொரு வருட சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன்.

"என்ன சார் தேடறாங்க? பல்லி கில்லி விழுந்துடுச்சா?" என்றார் சமையல்காரர்.

"வித்தா எவ்வளவு தேறும்னு பாக்கறாங்க."

"பந்த் அன்னிக்கு யார்கிட்ட விக்கறது? ரோட்டை மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்கிட்டயா?"

இரண்டு மணிக்கு சாம்பார் புளிக்கத் தொடங்கும் போலிருந்தது. நானே சொன்னேன், கொடுத்துவிடுங்கள் என்று. அவரும் ஆட்களும் அண்டாக்களைத் தூக்கிப் போய் மறியலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பரிமாறினார்கள். அரை மணியில் எல்லாம் காலி.

புதன்கிழமை செயற்குழு கூடியது. மாநாட்டுக்கு ஒரு பாலிசி எடுத்திருந்தோம். ஆனால் பந்த், கலவரம் இவற்றுக்கான கூடுதல் பிரீமியம் வீண் செலவு என்று தலைவர் வெட்டிவிட்டிருந்தார். கலவர இழப்பை மதிப்பிட்டே வீடு கட்டிய மனிதர்! ஆக, எங்கிருந்தும் பைசா வராது. அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்று ஒன்பது பேர் உட்கார்ந்து யோசித்து, சமையல்காரர் தலையைக் கண்டுபிடித்தார்கள்.

"சர்வேயர் அனுமதியில்லாம சரக்கை டிஸ்போஸ் பண்ணிட்டார், தாதா. அப்ப சால்வேஜ் முழு மதிப்புன்னு எடுத்து, அவருக்குத் தர வேண்டியதுல கழிக்கணும் இல்லையா?" என்றார் தலைவர்.

"கொடுக்கச் சொன்னது நான். முழுசா சமைக்கச் சொன்னது நீங்க."

"எழுத்துல இருக்கா?"

மற்ற ஏழு பேரும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

தீர்மானம் இதுதான்: முப்பத்தேழு இலைக்கு மட்டும் பணம். பதினோராயிரத்து நானூற்று எழுபது. முன்பணத்தில் மீதி எட்டாயிரத்து ஐந்நூற்று முப்பதை சமையல்காரர் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ்.

மறுநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் சங்கத்தின் கடிதம்.

"நான் அவங்களுக்குப் பணம் தரணுமாம் சார். அடுத்த தடவை தின்னவங்க வயித்தையும் அளந்து பாக்கச் சொல்லுங்க." காபியைத் தொடவில்லை. "மளிகைக்காரர் சனிக்கிழமை வரைக்கும்தான் டயம் குடுத்திருக்கார். இல்லேன்னா துர்கா பூஜைக்குச் சரக்கு கிடையாதாம். பூஜைல சமைச்சாத்தான் சார் எனக்கு வருஷம் ஓடும்."

அன்றே ராஜிநாமா எழுதினேன். ஒரு வரி, காரணம் எழுதவில்லை, எழுதினால் அதையும் மதிப்பிடுவார்கள். வங்கிக்குப் போய், அவருக்குச் சேர வேண்டிய பாக்கி ஐம்பத்து நான்காயிரத்து நானூறுக்கு ஒரு காசோலை எழுதினேன். இனி ஒருவனும் அவர் வாசலில் நோட்டீஸோடு போய் நிற்கக் கூடாதென்று, சங்கம் கேட்ட எட்டாயிரத்து ஐந்நூற்று முப்பதையும் நானே கட்டி, ரசீது வாங்கி அவரிடம் கொடுத்தேன்.

மொத்தம் அறுபத்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது ரூபாய்.