மகள் விழுந்ததைப் படமெடுத்த கை

பிள்ளைகளே, காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டரில் சாகசம் செய்வதுதான் என் மகளின் தொழில். வீடியோ எடுப்பது நான்.

அன்று ஹந்தானைத் தேயிலை மலையில், தானே யோசித்த புதுச் சுழற்சி ஒன்றைப் படிக்கட்டிலிருந்து பாய்ந்து செய்தபோது அவள் விழுந்தாள். வாயெல்லாம் இரத்தம். நான் தூக்கவில்லை, இன்னும் கிட்டப் போய் எடுத்தேன். விழுவதைத்தான் நிறையப் பேர் பார்ப்பார்கள்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஓடிவந்து இரத்தத்தைத் துடைத்தார்.

"யாருங்க நீங்க? புள்ள கெடக்குது, படம் புடிக்கிறீங்க?"

"அவ அப்பாங்க."

"அப்பாவா?" என்றவர் பிறகு என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

மகளோ, "அப்பா, நல்லா எடுத்தீங்களா?" என்றாள்.

என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அப்படிக் கேட்கப் பழக்கியவன் நான்தானே.

இப்போதெல்லாம் போனைக் கல்லில் சாய்த்து வைத்துத்தான் படமெடுக்கிறேன். அவள் விழுந்தால் தூக்க, என் இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன.