குனிந்து பார்த்தவள்

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. மகள் அங்கேதான் பிறந்தாள், கல்யாணமான மறு வருஷமே. அடுத்ததும் அப்படியே வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். வரவில்லை. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் வரவில்லை.

பிள்ளையே இல்லாதவளுக்காவது நாலு பேர் ஐயோ பாவம் என்பார்கள். எனக்கு அதுவும் கிடையாது. "அதான் ஒண்ணு இருக்கே, அப்புறம் என்ன?" கோயிலிலும் இதே பேச்சு, மார்க்கெட்டிலும் இதே பேச்சு. ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து காத்துக் கிடந்து உள்ளே போனால், அங்கிருந்த தமிழ் நர்ஸ் சிரிக்கிறாள். "ஒடம்புல ஒரு கோளாறும் இல்லக்கா. ஒண்ணு பெத்தவங்கதானே, கவலப்படாதீங்க லா." பசிக்கிறது என்று போனவளிடம் நேற்றுதான் சாப்பிட்டாயே என்று சொன்ன மாதிரி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜாலான் புசாரில் ஒரு சீன வைத்தியர் கொடுத்த கஷாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். நாள் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும், மனசு உடனே தொட்டில் கட்டிவிடும். பிறகு ஒரு காலையில் எல்லாம் போய்விடும். மாடிக்குப் பொதுவான குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். துறைமுகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் பாவம், "விடு, அழாத" என்பார். அந்த 'விடு'வைக் கேட்டாலே எனக்கு அவரை அடிக்கலாம் போலிருக்கும்.

பக்கத்து அறையில் ஒரு தையல்காரரின் மனைவி இருந்தாள். நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் என் மகளைக் கூப்பிட்டு, "குனிஞ்சு காலுக்கு நடுவுல பின்னாடி பாரு. அப்படிப் பாக்குற புள்ளைக்குத் தம்பி வருவான்" என்று சொல்லிவிட்டாள். நடை பழகும் குழந்தை தானாகக் குனிந்து பார்த்தால் சொல்கிற பேச்சு அது. ஏழு வயதுப் பெண்ணிடமா சொல்வது? ஆனாலும் அவள் குனிந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அடுப்படியிலிருந்து ஆசையாகப் பார்த்தேன்.

அந்த மாதம் நாள் நன்றாகவே தள்ளிப்போனது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தையல்காரர் மனைவி என் முகத்தைப் பார்த்தே, "என்னடி, விசேஷமா?" என்றாள். என் சிரிப்பே காட்டிக்கொடுத்துவிட்டது. பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே எல்லாம் முடிந்தது. குளியலறையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். இனி எனக்கில்லை, அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது.

கதவைத் திறந்தால் வெளியே மகள். பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னல் தரையில் புரள, தலைகீழாகக் குனிந்து நிற்கிறாள். ரத்தம் ஏறி முகமே வீங்கியிருந்தது.

"என்னடி பண்ற?"

"தெனமும் பாக்குறேம்மா. நான் சரியா பாக்கலையா? அதான் தம்பி வரலையா?"

அவளைப் பிடித்து நிமிர்த்தினேன். கட்டிக்கொண்டேன். "உன்னால இல்லடி கண்ணு. எனக்கு நீ போதும்டி, நீ மட்டும் போதும்."

அவள் என் அழுத கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையை விலக்கிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.