ஐந்து ஆரஞ்சுத் தொப்பிகள்

விசிலக்காவுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். நகராட்சி நீச்சல் குளத்தில் பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் அந்தப் பெயர். "அக்காவுக்குக் காது பழுத்துடுச்சுடா, ஏறு ஏறு!" என்று குளத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு கரையேறி விடுவார்கள். அந்த ஏரிக்கரை வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் அவளுடைய இரண்டு காதும் காலையிலிருந்தே சிவந்துதான் கிடந்தன. அங்கே அதைக் கவனிக்கத்தான் ஒரு நாதி இல்லை.

கோபம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு எட்டு வயது, நன்றாக நீந்துவான். இளையவளுக்கு நாலு வயது. வாண்டு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இந்த வாண்டுக்கு நீச்சல் தெரியாது. ஆயிரம் பிள்ளைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டவளின் பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்றால் வெளியே சொல்லவே வெட்கக்கேடு. என்ன செய்வது? பள்ளிக்கூடம் விட்ட பிறகும் விடுமுறை நாட்களிலும்தான் குளத்தில் கூட்டம். ஊரில் உள்ள அம்மாக்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரத்தில் இவள் தன் பிள்ளையை வேறொருவர் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும்.

வருடத்தில் ஒரே ஒரு வாரம் குளத்தை வடித்துச் சுத்தம் செய்வார்கள். அந்த வாரத்துக்குத்தான் ஏரிக்கரை வீட்டைப் பிடித்தாள். "ஏரிக்குப் போனதும் உனக்கு நீச்சல் சொல்லித் தரேன். வேற வேலையே கிடையாது அம்மாவுக்கு" என்று வாண்டிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். வாண்டு இரண்டு மாதமாக வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கிக் குமிழி விட்டுப் பழகினாள். தினமும் குளியலறை பூராவும் வெள்ளம்.

அப்போதுதான் கணவர் வாயைத் திறந்தார். கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிற மனிதர். "பெரிய வீடுதானே, அண்ணன் குடும்பமும் வரட்டுமே. பசங்களுக்கும் ஜாலியா இருக்கும்." கேட்டது மனைவியை, அண்ணனிடம் சொன்னதோ முந்தின நாளே. ஆக அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். இவர்கள் நாலு பேர். மொத்தம் ஒன்பது தலைகள், ஒன்பது வயிறுகள்.

வீடு நல்ல வீடுதான், குறை சொல்லக் கூடாது. முன்னால் மரத்தளம், பத்து எட்டு வைத்தால் தண்ணீர், வலப்பக்கம் படகு கட்டுகிற மரப்பாலம். பாலத்தின் ஓரத்தில் ஆழம். மற்றபடி கரையோரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இடுப்பளவுதான். சமையலறைதான் யாரோ சமைக்கவே தெரியாதவர் கட்டியது. மூன்று அடுப்பில் ஒன்று எரியாது. இழுப்பறையில் நாலு டின் திறப்பான், ஆனால் வெட்டுகிற கத்தி ஒன்றே ஒன்று, அதுவும் மொட்டை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல், அதில் ஏரி தெரியும். அந்த ஜன்னலை வைத்தவனை என்ன சொல்ல! அது இல்லாவிட்டால் அவளை அங்கே நிறுத்தியிருக்க முடியாது.

முதல் நாளே எல்லாரையும் மரத்தளத்தில் உட்காரவைத்து இரண்டு சாமான்களை வெளியே எடுத்தாள். ஒன்று, ஐந்து ஆரஞ்சுத் தொப்பிகள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் போட்டால் எண்ணுவதற்கு வசதி, குளத்திலும் அப்படித்தான். இன்னொன்று, கையில் கட்டுகிற சிவப்புப் பட்டை.

"இதைக் கட்டினவங்க தண்ணியைத் தவிர வேற எதையும் பாக்கக் கூடாது. போன் கூடாது, பேச்சு கூடாது. மாத்திக் குடுக்கும்போது 'தண்ணி என்கிட்ட'ன்னு அடுத்தவங்க வாயைத் திறந்து சொல்லணும். சொன்னாத்தான் பட்டையை அவிழ்க்கணும்" என்றாள்.

கணவரின் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். பெரிய அலுவலகத்தில் மேலாளர், இருபது பேரை மேய்க்கிறவர். "அட, லீவுக்கு வந்த இடத்துலயும் டூட்டியாம்மா? ரிலாக்ஸா இரு. நாங்கல்லாம் இல்லியா?"

"நாங்கல்லாம் இருக்கோம்ல" என்று ஓரகத்தியும் பின்பாட்டு பாடினாள். கணவர் சிரிக்கவில்லை. ஆனால் பட்டையையும் வாங்கவில்லை. அன்று மாலையே அது சமையலறை ஆணிக்குப் போய்விட்டது. சூடான சட்டியை இறக்க வாகாக இருக்கிறதென்று அண்ணன் அதை மடித்துப் பிடிதுணி ஆக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த வீட்டுப் பெண்ணுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் நீச்சலுடையைப் போட்டு அதன் மேலே சட்டையை மாட்டிக்கொண்டு விசிலக்கா தயாராக வருவாள். "முட்டை மட்டும் போட்டுட்டுப் போயிடேன்." முட்டை முடிந்தால் டீ. டீ முடிந்தால் குவித்துக் கிடக்கிற தட்டு. அது முடிவதற்குள் பசங்களுக்கு மறுபடியும் பசி. ஓரகத்திக்கு முதுகுவலி, ஆகவே நாற்காலியில் சாய்ந்து போட்டோ எடுக்க மட்டுமே முடியும். "நீ செஞ்சா ஒரு ருசிதான் போ" என்று ஒரு பாராட்டு வேறு. இரண்டு நாளும் அந்த நீச்சலுடை ஒரு சொட்டுத் தண்ணீரைக் காணவில்லை.

"அம்மா, இப்பவா?" என்று வாண்டு அரை மணிக்கு ஒருமுறை வந்து நிற்பாள்.

"இதோ வந்துட்டேன் கண்ணு. மத்தியானம்."

மத்தியானம் வந்தது, போனது. விசிலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கை பாத்திரத்தைத் தேய்க்கும், உதடு எண்ணும். பதினோரு வருடப் பழக்கம், தூக்கத்தில்கூட விடாது. ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டு எல்லாரிடமும் நடித்துக் காட்டி ஒரே சிரிப்பு.

மூன்றாம் நாள், விட்டதைப் பிடித்தே தீருவது என்று கிளம்பினாள். வாண்டின் தலையில் தொப்பியை மாட்டி, கையைப் பிடித்துக் கரைவரை போய்விட்டாள். பாதம் நனைந்தது. பின்னாலிருந்து கணவர் ஓடி வந்தார்.

"அண்ணனுக்குப் பசிக்குதாம். உருளைக்கிழங்கு மட்டும் வறுத்து வச்சிட்டு வந்துடேன், ப்ளீஸ். நான் பசங்களைப் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துப்பீங்களா?"

"என்ன கேள்வி இது? என் புள்ளைங்களை நான் பாக்க மாட்டேனா?"

வாண்டின் கை அவள் விரலை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரித்த விரல்களை அவள் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை.

உருளைக்கிழங்கு ஒரு வாணலியில் அடங்கவில்லை. முதல் சுற்று போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். ஐந்து தொப்பி. இரண்டாம் சுற்று. ஐந்து தொப்பி. மூன்றாம் சுற்றைப் போடும்போது எண்ணெய் தெறித்துக் கை சுட்டது. தண்ணீரில் காட்டிக்கொண்டே பார்த்தாள். ஐந்து தொப்பி. அப்பாடா என்று திரும்பியவள் நின்றாள்.

ஐந்தாவது தொப்பி நீந்திக்கொண்டிருந்தது.

முகத்தைத் தண்ணீரில் வைத்து, காலை நீட்டி, சீராக உதைத்து, பக்கவாட்டில் தலையைத் திருப்பி மூச்செடுத்து. யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்த பிள்ளை. மூத்தவனும் அண்ணன் பிள்ளைகளும் அந்தப் பக்கம் நிற்கிறார்கள், வாண்டுக்கு இந்த உதை தெரியாது. தெரியாமல் இருப்பதற்குக் காரணமானவள் இங்கே அடுப்படியில் நிற்கிறாள்.

அது பக்கத்து ஏரிக்கரை வீட்டுச் சின்னப் பெண். தொப்பி அழகாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறாள். வாண்டு கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

விசிலக்கா எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையில் கரண்டி. மரத்தளத்தில் ஓரகத்தி போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் ரப்பர் படகுக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. புஸ், புஸ், புஸ்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது. அது அவளுக்குத் தெரியும், அதனால் அவள் சத்தத்தைத் தேடவில்லை. விசிலை ஊதினாள். நாலு பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படியே நின்றார்கள். அலை அடங்கியதும் மரப்பாலத்தில் கட்டியிருந்த மரப்படகின் கயிற்றுக்குக் கீழே கறுப்பாக முடி தெரிந்தது. கரண்டியை எறிந்துவிட்டுக் குதித்தாள்.

தூக்கியபோது வாண்டின் உதடு நீலம். குப்புறத் தாங்கி முதுகில் தட்டினாள். வாயிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. இருமல் வந்தது. பிறகு அழுகை. கடவுளே, அந்த அழுகை! எத்தனையோ பிள்ளைகளின் அழுகையைக் கேட்டு அலுத்தவள், அதைக் கேட்டு மண்ணில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். கணவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணன்தான் முதலில் பேசினார்.

"நல்லவேளை, நம்ம குடும்பத்துலயே ஒரு ஆள் நீச்சல் தெரிஞ்சு இருந்துச்சு. ஒண்ணும் ஆகல இல்ல? சரி சரி, அழாதீங்க. எல்லாருக்கும் சூடா ஒரு டீ போட்டா தெம்பா இருக்கும்மா."

விசிலக்கா வாண்டைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள்.

"டீயா? மாமா, இப்ப என்னையவா டீ போடச் சொல்றீங்க?"

"அட, நான் பொதுவா சொன்னேன்..."

"யாரு பாத்துக்கிட்டு இருந்தீங்க? எனக்கு அது மட்டும் தெரியணும். யாரு?"

கணவர் மரத்தளத்து நாற்காலியைக் காட்டினார். "அண்ணி இங்கதானே உக்காந்திருக்காங்கன்னு... ரெண்டே நிமிஷம்..."

"ஐயோ, எங்கிட்ட யாரு சொன்னா?" ஓரகத்தி பதறினாள். "அவருதான் நிக்கறாருன்னு நான் நினைச்சேன்."

"நீதான் ஜன்னல்ல எண்ணிக்கிட்டே இருக்கியேம்மா" என்றார் அண்ணன். "அந்த தைரியம்தான் எங்களுக்கு."

"ஆமா, எண்ணினேன்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "தொப்பியை எண்ணினேன், மூஞ்சியைப் பாக்கல. அது என் தப்பு. சாகற வரைக்கும் என் தப்புதான், யாரும் பங்குக்கு வர வேணாம். ஆனா நான் ஏன் ஜன்னல்ல நின்னு எண்ணணும்? என் புள்ள பக்கத்துல நின்னு பாக்க வேண்டியவ ஏன் அடுப்படியில நின்னேன்? மூணு நாளா உங்க எல்லாருக்கும் வடிச்சுக் கொட்டத்தானே? குளத்துல நாப்பது புள்ளைங்களுக்கு நாங்க மூணு பேரு. இங்க அஞ்சு புள்ளைங்களுக்கு நாலு பேரு இருந்தோம். நாலு பேரு! அந்தப் பட்டையை வச்சு சட்டி இறக்குறீங்களே, அது எதுக்குன்னு சொன்னேன்? மேனேஜர்தானே நீங்க, ஒரு தடவை சொன்னா புரியாதா?"

அண்ணனை அவர் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அப்படி யாரும் கேட்டதில்லை. கணவர் "விடு, அண்ணனை ஏன்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசவே கூடாது. 'என் புள்ளைங்களை நான் பாக்க மாட்டேனா'ன்னு கேட்டீங்க இல்ல? பாக்கல. கார் சாவியை எடுங்க. நெஞ்சுக்குள்ள தண்ணி போயிருக்கான்னு டாக்டர் பாக்கணும்."

"அதான் நல்லா அழுவுறாளே..." என்றாள் ஓரகத்தி.

விசிலக்கா உள்ளே போய் வறுத்த உருளைக்கிழங்கை வாணலியோடு எடுத்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். ஆணியிலிருந்த பட்டையை எடுத்தாள். எண்ணெய் பிசுக்கு. அதைக் கணவரின் கையில் தானே இறுக்கிக் கட்டினாள்.

"சொல்லுங்க."

"தண்ணி... தண்ணி என்கிட்ட."

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டு, மாலைவரை அங்கேயே வைத்திருந்து பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார். மறுநாளிலிருந்து ஏரிக்கரை வீட்டில் எல்லாம் தலைகீழ். அண்ணன் முட்டையைக் கருக்கினார். ஓரகத்தியின் முதுகுவலி எங்கே போனதோ, தட்டுக் கழுவினாள். கணவர் காலையிலிருந்து மாலைவரை பட்டையோடு கரையில் நின்றார். அண்ணன் வந்து ஏதோ கேட்டபோது தலையைத் திருப்பாமல், "அப்புறம் பேசு, நான் தண்ணியப் பாக்குறேன்" என்றார். முதல் நாளே இதைச் செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நல்லது செய்கிறார்களே என்று மனசு ஆறவில்லை, இன்னும் கொதித்தது.

இப்போது அவளுக்கு நேரமோ நேரம். நீச்சலுடையும் தயார். வாண்டுதான் வரவில்லை. முகம் கழுவத் தண்ணீரைக் கையில் எடுத்தாலே அலறினாள். வாளியில் குமிழி விட்ட பிள்ளை! இப்படிப் பயந்த பிள்ளைகள் எத்தனையோ பேரை விசிலக்கா தேற்றியிருக்கிறாள். சில பிள்ளைகளுக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடம். அந்த அம்மாக்களிடம் "பொறுமையா இருங்க, சரியாயிடும்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறாள்.

கடைசி நாள் மாலை இருவரும் மரத்தளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீருக்கும் வாண்டின் காலுக்கும் நடுவே பத்து எட்டு தூரம். நாலு தொப்பிகள் கும்மாளமிட்டன. அவளுடைய உதடு தன்னாலே அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

வாண்டு அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அவங்களை இல்லம்மா. என்னை எண்ணு."

விசிலக்கா அவள் நெற்றியில் விரலை வைத்தாள்.

"ஒண்ணு."

"மறுபடியும்."

"ஒண்ணு" என்றாள் அவள். வாண்டு போதும் என்று சொல்லவே இல்லை.