தலைப்பில்லாத தாள்

லியோனி ஷில்ட்கெஸ் ஐரோப்பிய ஆணையத்தில் தட்டச்சுப் பணிக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. அதற்குள் ஒரே வாக்கியத்தைப் பதினோரு முறை அடித்துவிட்டாள். மக்கள் தேர்ந்தெடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குச் சட்டங்கள் இரண்டாம் முறையும் போய்வர வேண்டும் என்பதே அது. பதினோரு அறிக்கைகளும் அலமாரியில் தூங்கின. நாடாளுமன்றத் தேர்தலில் மழையில் நின்று ஓட்டுப் போட்டவள் அவள். என் ஓட்டுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று அவளுக்கு ஒரே ஆத்திரம்.

இப்போது லக்சம்பர்கில், அன்றைக்கு உறுப்பினராக இருந்த பத்து நாட்டு அரசுகளும் ஐரோப்பிய ஒப்பந்தத்தைத் திருத்த உட்கார்ந்திருந்தன. அன்று மாலையோடு வரைவு முடிகிறது. அந்த மேசையில் ஆணையத்துக்கு நாற்காலி உண்டு, வாக்கு இல்லை.

அவளுடைய அதிகாரி எவ்ரார், பழக்கதோஷத்தில் ஆணையத்தின் பெயர் அச்சிட்ட தாளிலேயே அந்த வாக்கியத்தைக் காலையில் விநியோகித்துவிட்டார். தொப்பை பெருத்த ஒரு நாட்டுத் தூதர் அதைப் படிக்கவேயில்லை. காப்பிக் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டு, உங்களை யார் கேட்டது என்றாராம். எவ்ரார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

லியோனி அவரை ஒரு பிடி பிடித்தாள். பிறகு வெறும் வெள்ளைத் தாளை எடுத்து அதே வாக்கியத்தை அடித்தாள். தலைப்பில்லை, தேதியில்லை, கையெழுத்தில்லை. சொந்தக்காரன் இல்லாத தாளை எடுத்துப் படித்தால் யாருடைய கௌரவமும் குறையாது. அந்த மாநாடுகளின் வழக்கமே அதுதான்.

"நம்ம பேரே இல்லையே, லியோனி" என்று எவ்ரார் இழுத்தார். அவ்வளவு உழைத்த மனிதருக்கு அது வலித்தது.

"உங்களுக்குப் பேரு வேணுமா சார், வாக்கியம் வேணுமா?"

மதியம் மாநாட்டு அறையில் பிளம் டார்ட் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் பிரதிகளை அடுக்கிவைத்தாள். மூன்று மணிக்குப் பார்த்தால் டார்ட்டும் இல்லை, தாளும் இல்லை.

நாலு மணிக்கு அதே தொப்பைத் தூதர் கையில் ஒரு கிறுக்கல் துண்டோடு அவள் அறைக்கே வந்தார். முகமெல்லாம் பெருமை.

"எங்க அரசாங்கத்தோட யோசனைம்மா. மத்த ஒன்பது பேரும் ஒத்துக்கிட்டாங்க, வரைவுல சேக்கணும். நான் மெதுவாச் சொல்றேன், நீங்க நிதானமா அடிங்க."

அடக்கமாட்டாத சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, படிக்கத் தொடங்கினார். வாக்கியத்தின் பாதிக்கு அவர் வந்தபோது, லியோனி முற்றுப்புள்ளி வைத்துத் தாளை உருவிவிட்டிருந்தாள்.