அத்தை வாங்கி வந்த வளையல்கள்

அப்பாவின் அக்கா பேரணாம்பட்டில் பஸ் ஏறிவிட்டாள் என்று போன் வந்தால் போதும், எங்கள் வீட்டில் நைட்டிகளெல்லாம் காணாமல் போய்விடும். டிவி வாயை மூடிக்கொள்ளும். ஆம்பூரில் இறங்கி அவள் வீடு வந்து சேர்வதற்குள் நான் துப்பட்டாவைத் தேடி எடுத்திருப்பேன். முப்பது தாண்டியாயிற்று எனக்கு. ஷூ கம்பெனியில் ஒரு லைனையே கட்டி மேய்க்கிறேன். இருந்தும் அத்தை முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரும் தைரியம் இன்னும் வரவில்லை.

அவ்வளவு சட்டம் பேசுகிறவள். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதே, விளக்கு வைத்த பிறகு தலை வாராதே, வாசற்படியில் நின்று பேசாதே. தனக்கென்று அவள் வைத்திருந்த சட்டம் இன்னும் கொடுமை. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். நான் முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பிய காலையில், எதிரே வந்துவிடக் கூடாதென்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"வெளிய வா அத்த. இன்னா கூத்து இது?" என்று கதவைத் தட்டினேன்.

"நீ மொதல்ல போய்ச் சேரு. அப்புறம் வர்றேன்."

தலையில் அடித்துக்கொண்டு போனேன். வேலை கிடைத்தது. அதற்கும் தான் பாத்ரூமில் இருந்ததுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டாள்.

போன வருஷம் அப்பா போனார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடித்து வந்து, டீ கேட்டார். அம்மா டீயோடு வருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது. அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா நின்ற நிலை இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை வராது.

கருமாதிக்கு முந்தின நாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தாலிய நானே கழட்டிக் குடுத்துட்றேன்டி. நாலு பேர் நடுவுல உக்கார வெச்சு வளையல் மட்டும் உடைக்க வேணாம்னு சொல்லு. அந்தச் சத்தம் எனக்கு ஆவாது" என்றாள்.

எந்தச் சத்தம் என்று கேட்டேன். அம்மாவுக்குக் கல்யாணமான வருஷமே அத்தையின் புருஷன் இறந்துவிட்டார். புதுப்பெண் பார்க்கக் கூடாதென்று அம்மாவை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். வளையல்கள் நொறுங்கியதையும் அத்தை அலறியதையும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நேராக அத்தையிடம் போனேன். அவள் கடைவீதிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பையில் இருந்து எடுத்து வைக்கிறாள்: மஞ்சள், குங்குமம், அப்புறம் கண்ணாடி வளையல்கள். சிவப்பும் பச்சையுமாக, ஒரு கல்யாணத்துக்கே போதும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்த, அம்மாவுக்கு இதெல்லாம் வேணாம்."

"உங்கம்மா சொன்னாளா, நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப சும்மா கெட. மொறன்னு ஒண்ணு இருக்குதில்ல? உன் கம்பெனி சட்டத்தையெல்லாம் இங்க கொண்டாராத."

பாவி! தான் பட்டது போதாதா, தம்பி பெண்டாட்டியும் படவேண்டுமா? மனுஷிதானா இவள்? வாய்வரை வந்ததை விழுங்கினேன். என் அண்ணனிடம் போய்க் கத்தினால், "காரியம் முடியட்டும், பேஜார் பண்ணாத" என்கிறான். சரி, நாளைக்கு நானே நடுவில் விழுந்து தடுக்கிறேன், ஊரே வேடிக்கை பார்க்கட்டும் என்று முடிவு கட்டினேன்.

கருமாதி அன்று விடியற்காலையில் அம்மாவைக் குளிக்க வைத்துக் கூட்டிவந்து, பெண்கள் நடுவில் மணையில் உட்கார வைத்தார்கள். முகமெல்லாம் மஞ்சள். நெற்றி நிறையக் குங்குமம். தலை கொள்ளாமல் மல்லி. ஆளுக்கு ஒரு கை பிடித்து முழங்கைவரை வளையல் அடுக்கினார்கள். அத்தை எதையும் தொடவில்லை. சுவரோரம் நின்று, "இன்னும் போடு, கம்மியா இருக்குது" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கைகளை மடியில் இறக்கியபோது அத்தனை வளையலும் சலசலத்தன. அம்மா என்னையே பார்த்தாள்.

அப்பாவின் சித்தி முன்னால் வந்தாள். எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும், தாலி கழற்ற அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் அம்மாவின் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அத்தை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கைய எடு சித்தி."

"இன்னாடி?"

"இவளுக்கு மூணாவது முடிச்சு போட்டது யாரு? நாத்தனாரு நானு. முடிச்சு போட்டவ உசுரோட நிக்கறப்போ இன்னொருத்தி கை வெக்கலாமா? இன்னா மொற இது?"

"சரிடியம்மா, நீயே அவுறு. விடியப் போவுது."

"நான் அவுக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை நகம் வெட்ட விடாத அத்தையா? நான் தடுக்க வந்தவள், எழுந்த இடத்திலேயே மரமாக நின்றேன்.

ஒருத்தி மெல்ல ஆரம்பித்தாள். "ஆடிக்கு ஆடி கயிறு மாத்தியாச்சு. இன்னும் உன் முடிச்சு எங்க இருக்குது?"

"கயிறுதான் மாறிச்சு. மொற மாறல."

"வளையலாவது உடைக்கலாமில்ல?"

"தாலி கழுத்துல இருக்கறப்போ வளையல உடைப்பியா? உனக்கு இன்னா தெரியும்? உக்காரு."

சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரு இன்னா பேசும்? உனக்கும்தான் நடந்துச்சு. நீ தாங்கிக்கல?"

அத்தை சித்தியின் பக்கம் திரும்பினாள். பேசியபோது அந்த அதட்டல் இல்லை.

"எனக்கு உடைச்சது யாருன்னு உனக்குத் தெரியும்ல சித்தி? வேற கை பட வேணாம்னு எங்கம்மாவே உடைச்சாங்க. நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சாங்க. அதுக்கப்புறம் அவங்க சாவுற வரைக்கும் அவங்க முகத்த நான் நேரா பாத்ததில்ல. தம்பியும் போய்ட்டான். இனிமே இவ மூஞ்சிதான் எனக்கு. இவளும் என்னப் பாக்கலன்னா நான் எங்க போவேன்?"

எங்கள் ஆயாவா, அப்பாவைப் பெற்றவளா! என்னை மடியில் போட்டுப் பேன் பார்த்த கையா அது? ஆயா எதிரில் அத்தை தலை குனிந்தே உட்காருவாள். மரியாதை என்று நினைத்து, அதைச் சொல்லி நாங்கள் கிண்டல்கூடச் செய்திருக்கிறோம். ஐயோ, கிண்டல் செய்திருக்கிறோம்.

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். வாசலில் இருந்து யாரோ ஆண் குரல், "முடிஞ்சிதா?" என்று கேட்டது.

"முடிஞ்சிது, முடிஞ்சிது. போய் அடுப்பப் பத்த வெக்கச் சொல்லுங்க" என்றாள் அத்தை, பழைய குரலில்.

பெண்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அத்தை வாங்கி வந்த வளையல்களில் ஒன்றுகூட உடையாமல் அம்மா மணையைவிட்டு எழுந்தாள். தன் தலையிலிருந்து ஒரு முழம் மல்லியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனாள். அத்தை பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். நெருப்பைக் கண்டவள்போல அவ்வளவு பயம் முகத்தில். அந்த அத்தையை நான் பார்த்ததே இல்லை.

"நீங்களும் வெச்சுக்கங்க அண்ணி."

"வெச்சுக்கோ அத்த. யாரு இன்னா சொல்றாங்கன்னு நான் பாக்கறேன்" என்றேன்.

அத்தை பூவைத் தொடவில்லை. அம்மாவின் முகத்தை மட்டும் நேராகப் பார்த்தாள்.

"உனக்கு முடிச்சு போட்டது நானு, அதனால அவுக்காம விட்டுட்டேன். எனக்குப் பூவ எடுத்த எங்கம்மாதான திருப்பி வெக்கணும்? அவங்க போய்ச் சேந்துட்டாங்களே."