சுகிர்தா எழுதிய காரணம்

சுகிர்தாவைப் பற்றிக் கோட்டுச்சேரியில் யாரைக் கேட்டாலும் முதலில் அந்த மாட்டுக்கொட்டகை விவகாரத்தைத்தான் சொல்வார்கள். பன்னிரண்டு வயதில், மாதவிலக்கு நாள்களில் அவளைக் கொட்டகை ஓரம் உட்காரவைத்து, காலால் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் பொறுத்தாள். மூன்றாம் மாதம் எழுந்து நேராக அடுக்களைக்குள் போய், பானையிலிருந்து சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு தின்றாள். "எனக்குக் கை அழுகிப்போச்சா? சோறுதான் ஊசிப்போச்சா?" என்று கேட்டாள். வீடே கத்தியது. வயலிலிருந்து வந்த அப்பா வைத்தியலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கால் கழுவியபடியே, "சோறு மிச்சம் இருக்கா இல்லியா?" என்றார். அன்றோடு அந்த வீட்டில் அந்த வழக்கம் செத்தது.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தருமபுரத்தில் வாடகை வீடு. காரைக்காலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியர். ஆய்வகத்து ஆயுத பூஜையின்போது, "முடியாத புள்ளைங்க வெளியில நிக்கலாம்" என்று ஒருவர் நாசூக்காகச் சொன்னபோது, "யாரு முடியாதவங்கன்னு மைக்ராஸ்கோப்புக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டு வாயை அடைத்தவள். இப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

கல்லூரியின் களப்பயணம் முன்பெல்லாம் பூங்காவுக்குப் பேருந்தில் போய், தயிர்சாதம் தின்று, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான். சுகிர்தா பொறுப்பேற்றபின் அதை மூன்று நாள் மலையேற்றமாக மாற்றினாள். காரைக்கால் பிள்ளைகளுக்கு உயரம் என்பதே தெரியாது. கீழவாஞ்சூர்த் துறைமுகத்து நிலக்கரிக் குவியலைவிட உயரமான ஒன்றைப் பார்க்காத பிள்ளைகள் வகுப்பில் பாதிப்பேர். நூறு மீட்டர் ஏறினால் செடி மாறும், இன்னொரு நூறு ஏறினால் காற்றே மாறும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை நாள் வரைந்து காட்டுவது?

ஷஃபீனா என்ற மாணவியை அனுப்ப அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை. சுகிர்தா நேரில் போனாள். ஷஃபீனாவின் வாப்பா குவைத்தில் இருந்தார். வீட்டில் உம்மா பத்ருன்னிசாதான் எல்லாம். "காட்டுக்குள்ள பொம்பளப் புள்ளைய எப்புடி டீச்சர்?" என்று அந்தம்மா தயங்கினாள். "என் கூடத்தான் அக்கா இருப்பா. நான் எங்க ஏறுறனோ அங்க ஏறுவா, பத்திரமா இறக்கிக் கொண்டாந்து விடறேன்" என்று சுகிர்தா வாக்குக் கொடுத்தாள். மறுநாளே ஷஃபீனா புதுக் காலணியோடு வகுப்புக்கு வந்து, நடந்து பழகுகிறேன் என்று நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

தேனிக்கு மேற்கே ஒரு மலையடிவாரத்தில் தங்கினார்கள். பன்னிரண்டு பெண்கள், ஆறு பையன்கள். ஏற வேண்டிய நாளன்று விடியுமுன்னே சுகிர்தாவுக்கு மாதவிடாய் வந்துவிட்டது, நான்கு நாள் முன்னதாக. பையில் ஒன்றும் இல்லை. கடை எதுவும் திறக்கவில்லை. பெண்கள் அறைக் கதவைத் தட்டினாள். ஷஃபீனாதான் திறந்தாள்.

"நாப்கின் இருக்காம்மா?"

"இந்தாங்க மிஸ், ரெண்டா வச்சிக்கிங்க. ஏறி எறங்க நேரமாகும்ல."

"உனக்கு வேணாமா?"

"எனக்கும் இன்னைக்கு ரெண்டாம் நாளுதான் மிஸ். கடையே வைக்கலாம், அம்புட்டு கட்டிக் குடுத்துருக்காக எங்க உம்மா."

இருவரும் சிரித்தார்கள்.

ஏழு மணிக்கு வனத்துறைச் செக்போஸ்ட்டில் வழிகாட்டி காத்திருந்தான். அவன் இல்லாமல் மேலே போக அனுமதி கிடையாது. அவன் தலைகளை எண்ணிவிட்டுச் சுகிர்தாவைத் தனியே கூப்பிட்டான்.

"மேடம், வீட்டு விலக்கா இருக்குற புள்ளைக இருந்தா இங்கனயே நிப்பாட்டிருங்க. மேல எங்க சாமிப் பாறை இருக்கு. போன வருசம் ஒரு காலேஜ்ல மறைச்சு ஏத்துனாக. கரடி வெரட்டிருச்சு."

கரடிக்கு நாள்கணக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருக்கலாம். பன்னிரண்டு வயதில் கேட்டிருப்பாள். ஆனால் அனுமதி அந்த ஒரு நாளைக்குத்தான். "ஏதாவது தகராறுன்னு வந்துச்சு, அடுத்த வருஷம் ட்ரிப்பே கிடையாது" என்று துறைத்தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். இவை எல்லாம் அவள் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டவை. அந்த நிமிடத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: இவன் அடுத்து என்னைப் பார்த்துக் கேட்டுவிடுவானோ என்ற பயம். அதனால் முந்திக்கொண்டாள். பெண்களை ஓரமாக அழைத்தாள்.

"பீரியட்ஸ் யாருக்காவது இருந்தா கை தூக்குங்க. சீக்கிரம், நேரமாவுது."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு கை மட்டும் தோள் உயரத்துக்கு எழுந்தது. ஷஃபீனா. கையைத் தூக்கியபடி அவள் சுகிர்தாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. மிஸ் ஏதோ சொல்லப்போகிறாள், வழிகாட்டியை ஒரு கை பார்க்கப்போகிறாள் என்று காத்திருக்கும் பார்வை அது.

"நீ இங்கயே இரும்மா. சாயங்காலம் வந்துடுவோம்" என்றாள் சுகிர்தா.

சொல்லிவிட்டு மலை ஏறினாள்.

சோலைக்காடு, புல்வெளி, பாறையில் ஒட்டிய பாசி எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தபடியே வந்தன. அட்டைகள் ஒருவரைக்கூட விடாமல் எல்லோரையும் கடித்தன. சாமிப் பாறையை அவள் கடந்தாள். பாறை பாறையாகவே இருந்தது. கரடி வரவில்லை. உச்சியில் கவியா என்ற மாணவி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்: "மிஸ், எனக்கும்தான் மிஸ் இன்னைக்கு. சொன்னா ஏத்த மாட்டீங்கன்னுதான் கமுக்கமா இருந்துட்டேன். அந்த லூசு எதுக்கு மிஸ் கையத் தூக்குனா?"

சுகிர்தாவால் அந்தப் பெண்ணை அதட்டக்கூட முடியவில்லை. எந்த வாயால் அதட்டுவது? பொய் சொன்னவர்கள் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னவள் அடிவாரத்தில் இருந்தாள். இதைத்தான் ஊரெங்கும் ஒழுக்கம் என்கிறார்கள்.

இறங்கியபோது மணி ஐந்தரை. செக்போஸ்ட் நிழலில் ஷஃபீனா இல்லை. சாலை வளைவில், வெயிலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். செக்போஸ்ட்டுக்குள் சாமி படம் இருக்கிறதாம். காவலாளி தள்ளி உட்காரச் சொல்லிவிட்டான். கழிப்பறையும் உள்ளேதான். அதனால் காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொண்டுபோன புட்டி நிறைந்தபடியே இருந்தது. இதையும் அவளாகச் சொல்லவில்லை, சுகிர்தா கேட்டுக் கேட்டு வாங்கினாள்.

"அட்டை ரொம்பக் கடிச்சிருச்சா மிஸ்?" என்றுதான் அந்தப் பெண் முதலில் கேட்டது.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சுகிர்தா பேருந்தில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கல்லூரி வாசலில் பத்ருன்னிசா வந்து நின்றாள். "மேல என்னம்மா பாத்தே?" என்று மகளைக் கேட்டாள். "மேகம் நமக்குக் கீழ போவுதும்மா! குளுருன்னா குளுரு" என்று ஷஃபீனா கையை விரித்துச் சொன்னாள். கவியாவின் கைபேசியில் பார்த்த மேகம். இரண்டடி தூரத்தில் நின்ற சுகிர்தா, "வரேன் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்கு வந்தன. ஷஃபீனாவின் நோட்டில் அடிவாரச் செடிகள் பதினான்கு, ஒவ்வொன்றும் சுத்தமாக வரைந்தது. உச்சிக்கு உரிய நான்கு பக்கங்கள் வெறுமை. தோழிகளிடம் பார்த்து எழுதியிருக்கலாம், எழுதவில்லை. செல்லாத இடத்துக்கான காரணத்தைப் பொறுப்பாசிரியர்தான் எழுதிக் கையொப்பமிட வேண்டும். "உடல்நலக்குறைவுன்னு போட்டு விடுங்க, எல்லாரும் அதத்தானே போடறாங்க" என்றார் துறைத்தலைவர்.

சுகிர்தா 'உடல்' என்று எழுதினாள். பேனா நின்றுவிட்டது. அதை அடித்துவிட்டு, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷஃபீனா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, ஷஃபீனா மலை ஏறல. உங்ககிட்ட அவ சொன்னது என்னைக் காப்பாத்தறதுக்கு. நான்தான் கீழ நிறுத்தினேன்." காரணத்தையும் சொன்னாள். விடியற்காலையில் கதவைத் தட்டியதையும் மறைக்கவில்லை.

பத்ருன்னிசா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பையை வைத்துவிட்டாள்.

"அந்த நாள்ல தொழுவ மாட்டோம், நோன்பு வைக்க மாட்டோம். ஆனா புள்ளைய ஊட்டுக்கு வெளிய உக்கார வச்சதில்ல டீச்சர்."

விலக்கு என்று ஒன்று அங்கேயும் இருக்கிறதே என்று சுகிர்தா வேறொரு நாள் வாதாடியிருப்பாள். அன்று அதற்கான தகுதி அவளிடம் இல்லை.

"அவ வாப்பா போன்ல வேணாமுன்னுதான் சொன்னாக. டீச்சரும் ஒரு பொம்பள, நம்ம புள்ளைய நடுவுல விட்டுட்டுப் போவ மாட்டாகன்னு நாந்தான் சண்ட போட்டு அனுப்புனேன்" என்றாள் பத்ருன்னிசா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

உள்ளறை வாசலில் நின்ற ஷஃபீனா மெதுவாகச் சொன்னாள்: "நீங்க அன்னைக்கு 'எனக்கும்தான்'னு சொல்லியிருந்தா போதும் மிஸ். ஏறாட்டியும் பரவால்ல. ரெண்டு பேருமா உக்காந்திருப்போம்."

சுகிர்தா நோட்டை எடுத்துக் காட்டினாள். "இதுல நடந்தத எழுதணும்னு இருக்கேன். உன்னைக் கேக்காம எழுத மாட்டேன்."

அந்தப் பெண் யோசித்தாள். "என்னைப் பத்தி எழுதாதீங்க மிஸ், வெளி ஆளுங்கல்லாம் படிப்பாங்க. உங்களைப் பத்தி எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்: 'மாணவி ஏறத் தயாராக இருந்தார். மூடநம்பிக்கைக்கு அஞ்சி நான் அவரைக் கீழே நிறுத்தினேன். அன்று எனக்கு மாதவிடாய். அதை மறைத்துவிட்டு நான் ஏறினேன். சுகிர்தா, பொறுப்பாசிரியர்.'

செய்முறைத் தேர்வு நாளில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன மேடம் இது? ரெக்கார்டு நோட்டுல போய்..."

"காரணம் கேட்டிருக்காங்க சார்."

"உடல்நலக்குறைவுன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுபோச்சு."

"யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார்."

பதினெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கவியா, உச்சிச் செடிகளால் நிறைந்த தன் நோட்டைக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். தேர்வாளர் பேனாவை எடுத்து, நான்கு வெற்றுப் பக்கங்களுக்கும் சேர்த்துப் பத்து மதிப்பெண்ணைக் கழித்தார். விதி அப்படி. வருத்தம் தெரிவித்து எழுதிய வரிகளுக்கு அதில் இடமில்லை.

ஷஃபீனா நோட்டை வாங்கிக்கொண்டாள். சுகிர்தா எழுதியதை நின்றபடியே ஒருமுறை படித்தாள், மூடினாள், தன் இடத்துக்குப் போனாள். நன்றி சொல்லவில்லை. சொல்லாதது சுகிர்தாவுக்குச் சரியென்றே பட்டது.

அடுத்த பதிவெண்ணைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள்.